பொம்மைக்குக் கதவு, எனக்குச் சாக்கு

பெரிய அலுமாரி செய்கிற தச்சனை யாரும் அதற்குள் ஏறி நின்று காட்டச் சொல்வதில்லை. விரலளவு அலுமாரி செய்கிறவனைத்தான் உலகம் அத்தனை கேள்வியும் கேட்கும். உங்களில் யாராவது சின்னச் சாமான் செய்து பிழைத்தவர்கள் இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும். கிட்ட வந்து இருங்கள், சேர்ந்து ஏசலாம்.

துண்டு மரம்

ஐம்பதுகளின் நடுவில், ஸ்கந்தபுரத்துக்கு அங்காலே காடு வெட்டித் திறந்த கொலனி ஒன்றில் எனக்கும் மனைவி மங்களத்துக்கும் வயலும் ஒரு கல்வீடும் கிடைத்தன. வீட்டுக்குச் சுவர் இருந்தது, ஓடு இருந்தது, வாசலில் நிலைகூட இருந்தது. கதவு இல்லை. பிறகு வரும் என்றார்கள். நீ தச்சன்தானே, நீயே செய்யலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். காட்டில் மரம் தறிக்கப் பெர்மிட் வேண்டும், அது எனக்குத் தரமாட்டார்கள். பலகை வாங்கி வரட்டுமா என்றால், வீடு அரசாங்கச் சொத்து, கதவை அரசாங்கம்தான் போடும், நீ கை வைக்கக் கூடாது என்று கொலனி வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் சொல்லிவிட்டார். தென்னோலைக் கிடுகில் ஒரு மறைப்புக் கட்டி வைத்தேன். அதையும் அவிழ்க்க வைத்தார். கல்வீட்டு வாசலில் கிடுகு நின்றால் பார்க்க வருகிற பெரியவர்கள் சிரிப்பார்களாம். கடைசியில் அரிசிச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டோம். ஆட்கள் வரும்போது சுருட்டிக் கட்டலாம் என்பதால் சாக்குக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

பெர்மிட் தேவைப்படாத மரம் ஒன்றே ஒன்றுதான்: மரக்காலையில் அடுப்புக்கென்று எறிகிற துண்டு. அந்தத் துண்டில்தான் என் தொழில் தொடங்கியது. குளத்து வேலைக்கு வந்திருந்த இன்ஜினியரின் மகளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பொம்மை வீடு வந்திருந்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை. தளபாடம் எல்லாம் செய்ய வேண்டும், அசல் மாதிரி இருக்க வேண்டும் என்று இன்ஜினியரின் மனைவி ஆள் தேட, ஓவசியர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் ஒரு சாய்மனைக் கதிரை செய்தேன். முதிரை மரத் துண்டைச் சீவி, நூலுக்கு மெழுகு பூசிப் பிரம்பு போலப் பின்னி, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். இன்ஜினியர் வீட்டு அம்மாவுக்குப் பிடித்துப்போனது. ஓவசியர்தான் அதை வாங்கி, கவிழ்த்து, காலை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வடிவாய்த்தான் இருக்கு. நீர் இதிலை ஒருக்கா இருந்து பாத்தனீரோ?"

கரி பிடித்த குசினி

அடுத்தது குசினி. அடுப்பு, அம்மி, சுளகு, உறி எல்லாம் வேண்டும் என்றார் அம்மா. அம்மிக்கு வாய்க்காலில் கறுப்புக் கல் தேடி எடுத்து உரசினேன். சுளகை மங்களம் பின்னித் தந்தாள். ஓலையை நூல் மாதிரிக் கிழித்துப் பின்ன வேண்டும். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை, குனிந்து இருந்தால் மூச்சு முட்டும். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னினாள். ஒரு வசனம் பேசினால் அதில் இரண்டு தரம் "அசல் மாதிரி" என்று சொல்கிற அம்மாவாயிற்றே என்று, கைவிளக்கைப் பிடித்து அடுப்புக்கு மேலே சுவரில் நன்றாகக் கரி ஏற்றினேன். எங்கள் குசினிச் சுவரைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி ஏற்றினேன்.

இதுவரை நான் செய்தவற்றில் அதுதான் திறம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அம்மா குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். விறாந்தையில் நின்ற பியோனைக் கூப்பிட்டு வெள்ளை மை கொண்டுவரச் சொன்னார். என் கையாலேயே அத்தனை கரியையும் மூட வைத்தார். வெள்ளையடித்த குசினியில் சமைக்கிறவள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. போகும்போது நல்ல பிள்ளைக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னார்: "அசல் மாதிரி எண்டுதான் சொன்னனான், கந்தையா. ஊத்தையாய் எண்டு சொல்லேல்லை."

திறாங்கு

கொழும்பிலிருந்து வந்த வழியில் பொம்மை வீட்டின் முன்கதவு உடைந்து போயிருந்தது. புதிதாக ஒன்று செய்யச் சொன்னார்கள். பிஸ்கட் தகரத்தை வெட்டி, கதவு திறந்து மூடப் பிணைச்சல் செய்தேன். அது போதாதாம். உள்ளே இருந்து பூட்டத் திறாங்கும் வேண்டுமாம், இல்லாவிட்டால் பொம்மைகள் பயப்படும் என்று மகள் சொன்னாளாம். குடைக்கம்பியை அறுத்துத் திறாங்கும் போட்டேன். நகத்தால் தள்ளினால் சரக்கென்று போய் விழும். கதவில்லாத வீட்டுக்காரன், பொம்மைக்குத் திறாங்கு போட்டுவிட்டு, அது சரியாக விழுகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் மங்களம் அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வெக்கை தாங்காமல் சட்டையைத் தளர்த்திப் படுத்திருந்த நேரத்தில் ஓவசியர் வந்து, குடைப்பிடியால் சாக்கைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டியிருக்கிறார். பொம்மை அலுமாரியைப் பூட்டித் திறக்கச் சின்னத் திறப்பு ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்ல வந்தாராம். அவள் அழவில்லை. பிள்ளை பிறக்க முந்தி ஒரு கதவு வேண்டும் என்றாள், அவ்வளவுதான். என்னிடம் அதற்கு முன்னும் பின்னும் அவள் எதுவும் கேட்டதில்லை. நான் கையில் இருந்த உளியோடுதான் ஓவசியரின் குவாட்டர்ஸுக்குப் போனேன். கூப்பிடாமல் எப்படி எட்டிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அந்த மனுசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "கதவு இருந்தால் தட்டியிருப்பன். சாக்கிலை எப்பிடித் தட்டுறது?"

நத்தார்க் கொட்டில்

மாரி பிடித்துவிட்டது. நத்தாருக்குப் பொம்மை வீட்டை அலங்கரிக்க வேண்டும் என்று அம்மா கூப்பிட்டார். சவுக்குக் கொப்பில் ஒரு மரம், அதில் தொங்க ஊசித்தலை அளவு உருண்டைகள், கடதாசி நட்சத்திரம், வாசலுக்கு ஒரு பச்சை வளையம், மண்டபத்து மூலையில் பாலன் இயேசு பிறந்த கொட்டில். எங்களுக்கு நத்தார் இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்தில் கிறிஸ்தவச் சொந்தக்காரர் உள்ள ஒருவரைக் கேட்டுக் கேட்டுத்தான் கொட்டிலைச் செய்தேன். வைக்கோல் கூரை, மூன்று பக்கம் தட்டி, முன்பக்கம் திறந்தபடி. மாட்டுக்கு வாலில் உண்மையான மயிர் வைத்தேன்.

எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி அம்மாவிடம் பல தரம் சொல்லிவிட்டேன், ஐயாவோடு கதைக்கிறேன் என்று அவரும் பல தரம் சொல்லிவிட்டார். அன்று இன்ஜினியர் ஐயாவே மண்டபத்தில் நின்றார். கொட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். மனைவிக்குத் தையில் பிள்ளை, மழைச் சாரல் உள்ளே அடிக்கிறது, போன கிழமை ஒரு புடையன் பாம்பு வாசலால் வந்து பாயோரம் கிடந்தது, ஒரு கதவு மட்டும் போடவிட்டால் போதும் என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன், அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐயா என் கையில் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்ல பகிடி ஒன்று கிடைத்த சந்தோசம் முகத்தில் தெரிந்தது. "ஏன் காணும் அந்தரப்படுறீர்? பாலனே கதவில்லாத கொட்டிலிலைதானே பிறந்தவர்."

பெரிய ஐயாவின் ரசனை

நத்தார் முடிந்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரிய ஐயா கொலனி பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. வரிசை வரிசையாகச் சாக்குகளைச் சுருட்டிக் கட்டச் சொன்னார்கள். சுருட்டிக் கட்டினோம். வாசல்கள் எல்லாம் காற்றுக்குத் திறந்து வைத்தவை போல இருந்தன. மத்தியானம் இன்ஜினியரின் பங்களாவில் விருந்து. பொம்மை வீட்டை மண்டபத்து மேசைக்குக் கொண்டுவந்து வைக்கப் போகிறார்கள் என்று பியோன் சொன்னான். எனக்கு ஒரு யோசனை வந்தது. பிணைச்சல் இறுகிவிட்டது, எண்ணெய் போட வேண்டும் என்று காலையிலேயே போய், பொம்மை வீட்டு முன்கதவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். எங்கள் வீட்டுச் சாக்கின் ஓரத்தில் அறுத்த ஒரு துண்டை அந்த வாசலில் தொங்கவிட்டேன். கேட்டால் சொல்ல வசனமும் ஆயத்தம்: கொலனி வீடு அசல் மாதிரி இருக்கிறது, ஐயா.

விறாந்தைத் தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கதிரையைப் பார்த்தார், நத்தார் மரத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்தார். சாக்குத் துண்டை ஒரு விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நின்றேன். அவர் நிமிர்ந்து அம்மாவிடம் கேட்டார்: "வாசல் திரை வெகு நேர்த்தி. எந்தக் கடையிலை எடுத்தனீங்கள்?"

மாவிலைத் தோரணம்

அந்தச் சாக்குத் துண்டு பங்களாவில் நிரந்தரமாகிவிட்டது. பெரிய ஐயா மெச்சியதென்றால் சும்மாவா. கதவு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பொங்கலுக்கு யன்னல்களுக்கும் அதே துணியில் திரை வேண்டும், வாசலுக்கு மாவிலைத் தோரணம், முற்றத்தில் பொங்கல் பானை, கரும்பு எல்லாம் வேண்டும் என்று அம்மா சொல்லியனுப்பினார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுச் செலவு முன்னால் நின்றது, சொல்லவில்லை.

பச்சைக் கடதாசியில் மாவிலை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மங்களத்துக்கு வலி வந்தது. பக்கத்து வளவு மருத்துவிச்சி வந்தார். நல்ல மழை. காற்றுக்குச் சாக்கு நெஞ்சளவுக்குப் பறக்கிறது, பெண்கள் இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நனைகிறார்கள். நான் பின்பக்கம் சுடுதண்ணீர் வைத்தபடி, யாரை ஏசுவதென்று தெரியாமல் விறகை ஏசிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பியோன் வந்து, திரை தைத்து முடிந்ததா என்று அம்மா கேட்கிறா என்று சொல்லிக்கொண்டே சாக்கைத் தூக்கியிருக்கிறான். மருத்துவிச்சி போட்ட சத்தத்தில் அவன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான். பிறகு மருத்துவிச்சி பின்பக்கம் வந்து என் முகத்துக்கு நேரே கேட்டார்: "நான் பிள்ளையைப் பிடிக்கிறதோ, சாக்கைப் பிடிக்கிறதோ? ஒண்டைச் சொல்லு."

பெண் பிள்ளை.

பெட்டிக்குப் பலகை

மாசியில் இன்ஜினியர் ஐயாவுக்கு மாற்றம் வந்தது. சாமான்கள் லொறியில் வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து ரயிலில் போக வேண்டும். பொம்மை வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி அடிக்க வேண்டும் என்றார்கள். பலகை இல்லையே, பெர்மிட் இல்லையே என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஓவசியர் அரசாங்க ஸ்டோரிலிருந்து வண்டிலில் பலகை கொண்டுவந்து என் முற்றத்தில் இறக்கிவிட்டார். பாலை மரப் பலகை, ஆள் உயரம், ஒரு வெடிப்பு இல்லை. ஸ்டோர்க் கணக்கில் எழுதிய ஒரு கடதாசியும் இல்லை. கவனமாகச் செய்யச் சொன்னார். பொம்மை வீடு மழையில் நனையக் கூடாதாம், உள்ளே காற்றுப் போகக் கூடாதாம். அதைக் கேட்டுக்கொண்டு என் மனைவி பிள்ளையை மடியில் வைத்தபடி சாக்குக்குப் பின்னால் இருக்கிறாள்.

பலகையைத் தடவிப் பார்த்தேன். அன்றைக்கே கதவு அடித்தேன். பிணைச்சல் போட்டேன், உள்ளே திறாங்கும் போட்டேன், சரக்கென்று விழுந்தது. வாசலில் தொங்கிய சாக்கைக் கழற்றி உதறி, பொம்மை வீட்டுக்குள் வைக்கோல் அடைத்து, அந்தச் சாக்கால் சுற்றிச் சணல் கயிற்றில் இறுக்கித் தைத்து, லொறியில் நானே ஏற்றினேன். இத்தனை நாள் எங்களை மறைத்த சாக்கு, பொம்மைகளை மறைக்காதா. லொறி போய்விட்டது.

அடுத்த நாள் ஓவசியர், மிஞ்சிய பலகை எங்கே என்று பார்க்க வந்தார். நான் கிணற்றடியில் நின்றேன். அவர் குடையை நீட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார், பழக்கதோசம். குடைப்பிடி பலகையில் முட்டியது. கதவை மேலும் கீழும் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். கடதாசி இல்லாமல் அவரே கொண்டுவந்த பலகை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன். அவர் வேறு வழியில்லாமல் கையை மடக்கித் தட்டினார். அந்த வீட்டில் அதுவரை யாரும் தட்டியதில்லை. திறாங்கு அசையவில்லை, மங்களத்தின் குரல் மட்டும் வந்தது: "ஆரெண்டு சொல்லிப்போட்டு அங்கினை நில்லுங்கோ. பிள்ளை நித்திரை."

இத்தனைக்கும் பொம்மைகளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அவை என் கதிரையில் பேசாமல் இருந்தன, யார் வீட்டு வாசலிலும் தலையை நீட்டவில்லை.