இருசம்மாள் கிழித்த கடிதங்கள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்ட காலத்தில், கோட்டைக்குப்பத்து இருசம்மாள் கவர்னர் துரையின் வீட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தாள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரே மகன் சின்னதம்பி, கம்பெனிக் கப்பலில் பாய் கட்டும் வேலைக்குப் போய், கடல் தாண்டிய பத்தாவியாவில் காய்ச்சலில் செத்துப்போனான். அந்தச் சேதி ஓலையில் வந்தது.

குப்பத்தில் சாவோலையை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்று ஒருமுறை படிக்கக் கேட்டுவிட்டு, கிழித்துத் தண்ணீரில் விட்டுத் தலை முழுகிவிட வேண்டும். வைத்திருந்தால் அது அதே வீட்டில் இன்னொருவரைக் கூப்பிடும் என்று நம்பினார்கள். இருசம்மாளும் மகனின் ஓலையைக் கிழித்து ஏரியில் விட்டாள். அதில் அவன் பெயர் எந்த இடத்தில் இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கவர்னர் துரை அதிகம் பேசாதவர். ராஜாக்களின் தூதர்கள் அவர் முன் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். அந்த ஆடி மாதம் வந்த கப்பலில் அவருக்கு ஒரு கடிதம் இருந்தது. அதைப் படித்த அன்றும் அவர் வழக்கம்போல் ஆலோசனைச் சபைக்குப் போனார். ஆனால் மறுநாளிலிருந்து, மதியத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கடிதக் கட்டைப் பிரித்துப் படிப்பதும் மறுபடி கட்டிப் பெட்டியில் வைப்பதுமாக இருந்தார். தட்டில் வைத்த மீன் அப்படியே சமையலறைக்குத் திரும்பி வந்தது.

"துரை தின்னாத மீனத் தின்னு தின்னு நானே துரை கணக்கா ஊதிட்டேன், பாரு" என்றான் சமையல்காரன் பொன்னுரங்கம்.

"வாய மூடு. மனுசன் எலும்பா நிக்கிறாரு" என்றாள் இருசம்மாள்.

துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி காஜா மைதீனிடம் அவள் கேட்டாள். "மரைக்காயரே, துரைக்கு இன்னா சீக்கு?"

"சீக்கு இல்ல. ஊர்ல அவரு புள்ள போயிடுச்சு. ஒம்போது வயசு. தாயி எழுதியிருக்குது."

"அந்தக் கட்டுலயா கீது அந்தக் கடுதாசி?"

"அதுலதான்."

"அதையா பொட்டில வெச்சிக்கினு தினம் படிக்கிறாரு?"

"அவங்க வழக்கம் அது. நீ உன் தொடப்பத்தப் பாரு."

புரட்டாசியில் துரைக்குக் காய்ச்சல் கண்டது. பெருக்கும்போதெல்லாம் இருசம்மாளின் கண் அந்தப் பெட்டியிலேயே நின்றது. சின்னதம்பியும் காய்ச்சலில்தான் போனான். அவனுக்குச் செய்ய அவளுக்கு எதுவுமே வாய்க்கவில்லை. இவருக்காவது செய்யலாம் என்று நினைத்தாள்.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்து துரை சபைக்குப் போன ஒரு காலையில், கட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். நீர் முகத்துவாரத்தை நோக்கி வடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழித்து விட்டாள். பிறகு மூன்று முறை முழுகி எழுந்தாள்.

அன்று மதியம் துரை பெட்டியைத் திறந்தார். சிறிது நேரத்தில் வேலைக்காரர்கள் அனைவரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். காலையில் அந்த அறைப் பக்கம் பொன்னுரங்கம் தட்டோடு போனதைக் காவல்காரன் பார்த்திருந்தான். பொன்னுரங்கத்தைக் கம்பத்தில் கட்டினார்கள். முதல் அடி விழும்போது இருசம்மாளுக்கு எதுவும் விளங்கவில்லை. கேடு தரும் ஒன்றைத்தானே அகற்றினோம், அதற்கு ஏன் இந்த அடி? இரண்டாவது அடியில் அவன் "அம்மா" என்றான். அவள் முன்னால் வந்தாள்.

"அவன வுட்டுடுங்க. நான்தான் எடுத்தேன்."

"எங்க வெச்சிருக்கற?" என்றார் காஜா மைதீன்.

"எங்கயும் வெக்கல. கிழிச்சு ஏரில வுட்டுட்டேன். சாவு சேதி வூட்டுல இருந்தா ஆளக் கூப்புடும் மரைக்காயரே. துரை நல்லா இருக்கட்டும்னுதான்."

அவர் அதைத் துரைக்குச் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டார். துரை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேசியதைத் துபாஷி தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"ஏழு கடுதாசி இருந்துச்சாம். தாயி எழுதினது ஒண்ணுதான். மத்த ஆறும் அந்தப் புள்ளையே எழுதினது. கடைசிக் கடுதாசி, புள்ள போன சேதி வந்து பதினஞ்சு நாள் கழிச்சு வேற கப்பல்ல வந்துச்சாம். தோட்டத்துல வாத்து குஞ்சு பொரிச்சிருக்குதுன்னு எழுதியிருந்தானாம்."

இருசம்மாள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"உனக்குப் புள்ள இருக்குதான்னு கேக்கறாரு."

"இருந்தான். ஓலை வந்துச்சு. கிழிச்சிட்டேன்."

துரை அதைக் கேட்டுக்கொண்டார். பொன்னுரங்கத்தை அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு எழுந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"இனிமே நீ வூட்டுக்குள்ள வர வேணாமாம்" என்றார் காஜா மைதீன்.

ஏரிக்கரையில் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து நகர்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பது வழக்கம். இருசம்மாள் அதுபோலவே மூன்று நாள் கடிதம் தடவினாள். இறால் தட்டுப்பட்டால் விட்டுவிட்டாள். "இன்னாடி தேடற, தங்கமா?" என்று மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள், கோரை வேரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள் துண்டு சிக்கியிருந்தது. அதை மணலில் காயவைத்து, கோட்டை வாசலுக்குக் கொண்டுபோய் துபாஷியை அழைத்துவரச் சொன்னாள்.

"இது தாயி எழுதினதா, புள்ள எழுதினதா? பாத்துச் சொல்லுங்க."

காஜா மைதீன் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மசியே இல்லயே, இருசம்மா. எல்லாம் கரைஞ்சு போச்சு."

"புள்ளைதுன்னு சொல்லிக் குடுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

அவர் உள்ளே போனார். அவள் காவல்காரனுக்கு எதிரே வெயிலில் நின்றாள். அவர் திரும்பி வரும்போது கையில் தாள் இல்லை.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்பினாரா?"

"இல்ல. ஆனா வாங்கி வெச்சிக்கினாரு."

இருசம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டுக் குப்பத்துக்கு நடந்தாள். அதன்பின் சாகும்வரை ஏரியில் இறால் தடவித்தான் பிழைத்தாள். குப்பத்தில் வேறு யாருக்காவது சாவோலை வந்தால், கிழிக்கிற இடத்துக்கு மட்டும் அவள் போகமாட்டாள்.