அத்தை தலையில் பேன்

எனக்கு ஆறு வயதிருக்கும்போது வலது காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. ஜப்பான்காரன் வருவதற்குப் பதினைந்து வருஷம் முந்திய கதை. மலாயாவில், சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் தோட்டம். அம்மா சோறு வடிக்கிற நேரத்தில், கோழிக்குஞ்சு ஒன்றைத் துரத்திக்கொண்டு நான் அடுப்படிக்குள் ஓடினேன். பானை சாய்ந்தது. குஞ்சு தப்பித்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி தகரக் கூரை போட்ட ஒரே அறை. மருந்து போடுகிற டிரசர் ஐயா நல்ல மனுஷர்தான். ஆனால் புண்ணில் ஒட்டிய பழைய துணியை உரிக்காமல் புதுக் கட்டுப் போட அவருக்கும் வழி தெரியாது. முதல் முறை இரண்டு பேர் பிடித்தும் அவர் கையைக் கடித்துவைத்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார் அவர்.

அடுத்த முறை அம்மாவுக்குப் பதில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை; எங்களோடு இருந்துகொண்டு தோட்டத்தில் புல் வெட்டப் போவாள். அவளுக்குப் பெருமை என்றால் அவள் முடிதான். இடுப்புக்குக் கீழே தொங்கும். ஞாயிறுதோறும் சீயக்காய் தேய்த்து ஆற்றில் அலசுவாள். அந்த அத்தை, பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். என் கால் அவளுக்கு அந்தப் பக்கம் மறைந்துபோயிற்று.

“ஏ குட்டி, தலை அரிக்குது. பேன் பாத்து விடு. டிரசர் ஐயா அவர் வேலையப் பாக்கட்டும், நீ உன் வேலையப் பாரு.”

முடியை விலக்கினால், வகிட்டோரம் கறுப்பாக ஒன்று. எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினேன். காலில் சுரீர் என்றது. வாயைத் திறப்பதற்குள் அத்தை, “காதுக்குப் பின்னால ஒண்ணு ஓடுது லா, விட்டுறாதே!” என்றாள். விட முடியுமா? தேடினேன். அகப்பட்டது. அன்றைக்கு ஏழு. எட்டாவதைத் தேடும்போது, “முடிஞ்சிருச்சு, இறங்கு” என்றார் டிரசர்.

வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கண்ணீர் வந்தது. ஆனால் கைக்கு வேலை இருந்தது.

அதெல்லாம் கறுப்பு எள். கிளம்புமுன் ஒரு சிட்டிகை தலையில் தூவிக்கொண்டு வந்திருக்கிறாள். பல வருஷம் கழித்து டிரசர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “அத்தை, உன் பேன் எள்ளுருண்டை மாதிரி மணக்குது” என்று அப்போதே, கட்டு மாற்றும்போது ஒருநாள் சொன்னேன். டிரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நல்ல ரத்தம் குடிச்ச பேனு, மணக்காம என்ன செய்யும்?” என்றாள் அத்தை. மூக்குக்கு எட்டியது என் புத்திக்கு எட்டவில்லை.

என் வேட்டையைப் பற்றி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இதற்குள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டது. பொங்கல் வைக்க அத்தை பானையோடு போனாள். கங்காணி மனைவி வழியிலேயே நிறுத்தினாள்.

“நீ அங்கிட்டே நில்லு தாயி. பானையில பேன் விழுந்தா ஆத்தாளுக்கு ஆகுமா?”

“யாரு சொன்னா?”

“உங்க அண்ணன் மகதான் சொல்லிக்கிட்டுத் திரியுது. நேத்து பதினாறாமே!”

“பதினெட்டு” என்று திருத்தினேன் நான்.

பெண்கள் சிரித்தார்கள். அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். “ஆமாக்கா, சனியன் போகவே மாட்டேங்குது” என்று சொல்லி, பானையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேலியோரம் போய்த் தனியாக உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டாள். போனேன். ஆனால் ஊரே ஒதுக்குகிற ஆளாயிற்றே, இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

“ஏன் அங்க உக்காந்துட்டே?”

“பேன் ஏறிரும்.”

அத்தை முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். “சரி, கால நீட்டி உக்காரு. கட்டுல மண்ணு படாம” என்றாள்.

இன்னும் நாலு முறை கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவள் எள் என்று சொல்லாமல் விட்டாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பொங்கல் பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டதும், அவளை அங்கேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே மற்றவர்களிடம் ஓடினேன்.