வால்வு ஆம்ப்ளிஃபயரும் வெட்டிய கேபிளும்

நான் மின்னணுவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். ஓய்வுபெறும்வரை கல்லூரியில் துறைத் தலைவராக இருந்தவன். ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்று, துடியலூர் வீட்டிலிருந்து பேசி வருகிறேன். வட்டாரத்து ஹாம் அன்பர்கள் எதைக் கட்டினாலும் என்னிடம் காட்டிய பிறகே மின்சாரம் கொடுப்பார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் தொழிற்சாலை நடத்திய நண்பர், தம் குரல் தொலைதூரம் போக வேண்டுமென்று கேட்டதால், ரேடியோவின் திறனைப் பெருக்கும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தேன். ரேடியோ தரும் திறனை வால்வு முழுதாக ஏற்க இரண்டின் இம்பீடன்ஸும், அதாவது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பும், பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும். இக்காலத்து ரேடியோ தன்னைக் காத்துக்கொள்ளத் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். நான் கட்டிய அமைப்பில் இடையிலுள்ள கேபிளின் நீளமும் அந்தப் பொருத்தத்தைச் சேர்ந்தது. ஆகவே அவருடைய மேசையிலேயே, அவருடைய கேபிளோடு, வால்வை ஓடவிட்டு உள்ளீட்டைச் சரிசெய்தேன்.

சில மாதங்களில் அவர் குரல் வெளியூர்களில் மெலிந்தது. அருகிலிருந்த எனக்கு அது தெரியவில்லை. மாலையில் அன்பர்கள் எல்லோரும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் கூடலில் அவர், "எப்படிங்க கேக்குது?" என்பார். "கணீர்னு இருக்குதுங்க" என்பார்கள் வெளியூர் அன்பர்கள். நான் கட்டிய பெட்டியை நான் கேட்க எப்படிக் குறை சொல்வது என்ற மரியாதை. சத்தியமங்கலத்து அன்பர் மட்டும் ஒருநாள், "ஏனுங்க, உங்க பம்பு தண்ணி எறைக்குதுங்களா, காத்தெறைக்குதுங்களா?" என்றார். நண்பர் சிரித்தார். பிறகு கூடலுக்கு வருவது குறைந்து, நின்றே போயிற்று. தொழிலில் மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். குறையிருந்தால் சொல்லியிருப்பார் அல்லவா?

அவர் காலமான பின் துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சப்போ ஒயரு தொங்குதுன்னு வெட்டிச் சின்னதாக்கிப்போட்டாருங்ணா. அப்பறம் சரியா பேசலைங்க. உங்களக் கூப்பிடச் சொன்னேன். வாத்தியாரு மனசு சங்கடப்படும்னு உட்டுட்டாருங்க."

ரேடியோவையும் பெட்டியையும் கேபிளையும் அந்த அம்மாவே என்னிடம் கொடுத்தனுப்பினார். அந்தக் குட்டைக் கேபிளோடு இணைத்து அளந்தேன். பொருத்தம் குலைந்திருந்தது. உள்ளீட்டை மறுபடி சரிசெய்ய அரைமணி நேரம் ஆயிற்று. ரேடியோ முழுத் திறனோடு பேசியது. பேச வேண்டியவர் இல்லை.

பழைய வால்வுகளைப் போட்டுக் கொடுத்தேன் என்றும், அதனால் எங்களுக்குள் மனத்தாங்கல் என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். வால்வுகள் புதியவை. மனத்தாங்கல் எதுவும் இருந்ததில்லை. வெட்டப்பட்டது கேபிள் மட்டுமே.