ஷோகேஸ் தூக்கம்

கண்டி மஹய்யாவ சஞ்சீவனிக்கு இருபத்திரண்டு வயது. பத்தொன்பதில் வந்த புற்றுநோய் குணமாகி இரண்டு வருடம். முடி முளைத்தது, நாக்கில் ருசி திரும்பியது. தூக்கம் மட்டும் விலாசம் தவறிப் பகலில் வந்துகொண்டிருந்தது. இரவில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் அம்மா சுந்தரி மூக்கடியில் விரல் வைத்து மூச்சுப் பார்ப்பாள்.

"உசிரோடதாம்மா இருக்கேன், போய்ப் படு!"

கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்து அன்று பதின்மூன்றாம் நாள். பதினைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று ஜவாஹிர் முதலாளி சொல்லியிருந்தார். நோயைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் உச்சுக்கொட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே. ஆனால் பகல் சாப்பாடு முடிந்தால், சுவிட்சை அணைத்த ஃபேன் போல உடம்பு மெல்லச் சுழன்று நின்றுவிடும்.

ஷோகேஸ் புடவையை முதலில் விற்பனைப் பெண் தன் உடுப்பின் மேல் கட்டிக் கொசுவம் பார்த்துவிட்டுத்தான் பொம்மைக்கு மாற்றுவது அந்தக் கடை வழக்கம். சஞ்சீவனி அரக்கு நிறக் கல்யாணக் கூறையைக் கட்டினாள். கண்ணாடி வழியே இதமான வெயில். பொம்மைகளுக்கு நடுவே ஸ்டூலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

மகளுக்குக் கூறை எடுக்கக் கெலிஓயாவிலிருந்து வந்த கஜலட்சுமி தெருவில் நின்றே தீர்மானித்துவிட்டார்.

"முதலாளி, ஒக்காந்திருக்கிற பொம்மை கட்டியிருக்கே, அதான் வேணும்."

"எங்கட கடையில ஒக்காந்த பொம்ம இல்லையே, தங்கச்சி!"

அதற்குள் கஜலட்சுமி ஷோகேஸில் ஏறி, முந்தானையை உரசி, நூலைத் திருகிப் பட்டுத்தானா என்று பார்த்தார். பொம்மை வாய் பிளந்து நீளமாய்க் கொட்டாவி விட்டது.

"ஐயோ முருகா!" அவர் சாய, மூன்று பொம்மைகளும் அவரோடு சரிந்தன. கழன்று மடியில் விழுந்த ஒரு கையைப் பிடித்தபடி சஞ்சீவனி, "வாங்க, என்ன கலர் பார்ப்போம்?" என்றாள்.

கஜலட்சுமி விழுந்த இடத்திலேயே கண்ணீர் வரச் சிரித்தார். கூட வேலை செய்யும் பஸ்னா ஓடிவந்து அவரைத் தூக்கினாள். முதலாளி சிரிக்கவில்லை.

"ராவெல்லாம் ஃபோன் பாக்கிறியா, புள்ள?"

"இல்ல முதலாளி. கேன்சர் இருந்திச்சு. இப்ப இல்ல. களைப்பு மட்டும் போகல. மத்தியானம் இருபது நிமிஷம் படுக்க டாக்டர் சொல்லியிருக்காங்க. சொன்னா வேலை தரமாட்டீங்கன்னு..." பொம்மைக் கையை அவரிடம் நீட்டினாள்.

"முதலாளி, இந்தப் புள்ளைய அனுப்பினா எனக்குக் கூறையும் வேணாம்," என்றார் கஜலட்சுமி. "மூணு பொம்மை நின்னிச்சே, ஒன்னையாச்சும் பார்த்தேனா? தூங்கினதத்தான பார்த்தேன்!"

ஜவாஹிர் அந்தக் கையைப் பொம்மையில் திருகித் திருகிப் பார்த்தார். பொருந்தவில்லை.

"ஸ்டோர்ல சாய்வு கதிர ஈக்கி. ஒன்றரைக்குப் போய் சாஞ்சுக்கோ. பஸ்னா எழுப்புவா. ஷோகேஸ் மட்டும் வாணாம்."

"அப்ப வேலை, முதலாளி?"

"மொதல்ல இந்தக் கைய மாட்டு."

பதினாறாம் நாள், ஒன்று நாற்பதுக்கு, கஜலட்சுமி தன் மூன்று தங்கைகளோடு வந்து நின்றார்.

"எங்க அந்தப் பொம்மை?"

பஸ்னா உதட்டில் விரல் வைத்தாள். "பத்து நிமிஷம் பொறுங்க. தூங்குது."

நால்வரும் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.