கறுப்புக் காத்தாடியின் காக்கி வால்

1942-இல் பட்டணத்தை விட்டு ஓடியவர்கள் அந்தக் கோடையைப் பற்றிப் பேசும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று போட்டது போட்டபடி ரயில் ஏறிய கதையைச் சொல்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அதைவிடச் சந்தோஷமான கோடை எனக்கு வாய்த்ததே இல்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் அதுதான் உண்மை. அதற்குக் காரணம் என் அம்மா சகினா.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அத்தா ஹபீபுர் ரஹ்மான் தையல்காரர். அவர் கடையில் தைத்துக் கொண்டுவரும் சட்டைகளுக்கு வீட்டில் அம்மா காஜா எடுப்பாள். பித்தான் நுழைகிற ஓட்டையின் ஓரத்தை நூலால் நெருக்கி நெருக்கிக் கட்டுகிற வேலை அது. சட்டை கிழிந்தாலும் அம்மா எடுத்த காஜா கிழியாது.

அம்மா கோஷா, வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வெளியே போவதென்றால் படுதா கட்டிய ஜட்கா வண்டியில்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட நான்தான் போவேன், ஏனென்றால் சுற்றியிருந்த மூன்று மாடிகளிலும் எப்போதும் ஆள் இருக்கும். கோடை லீவில் நானும் தம்பி இனாயத்தும் சந்தில் ஆடுவோம். அம்மா ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து, "அவன் ஏமாத்துறான்டி வஜீஹா, வுடாதே!" என்று கத்துவாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த ஆட்டம்.

அந்த ஏப்ரலில் பத்தே நாளில் சந்து காலியானது. மூன்று வீடுகளிலும் பூட்டு. எதிரி விமானம் வந்தால் ஊரை எச்சரிக்கிற ஏ.ஆர்.பி. வார்டனாக அத்தா சேர்ந்து, கழுத்தில் விசிலோடு லஸ் பக்கம் நின்றார். எங்களை ஆற்காட்டில் இருந்த தன் அக்கா ஹாஜிரா பீயின் வீட்டுக்கு அனுப்பிவிடத் துடித்தார். அங்கே போக அம்மாவுக்கும் பிடிக்காது, எங்களுக்கும் பிடிக்காது. அந்த வீட்டில் பிள்ளைகள் ஓடக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது, தும்மினால்கூட முறைப்பார்கள்.

"பசங்க எங்கூடத்தான் இருக்கணும், நான் உங்ககூடத்தான் இருப்பேன்," என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

கடைசியில் அத்தா ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே ஒரு தடவை நான் விசில் ஊதினேன்னு வெச்சுக்கோ, மறுநாள் காலையில ஆற்காடு. ஒரு பேச்சு பேசக் கூடாது." சொன்ன கையோடு துணிமணியை மூட்டை கட்டி வாசல் ஓரத்தில் வைத்தார். போகும்போதும் வரும்போதும் அந்த மூட்டை எங்கள் காலில் தட்டிக்கொண்டே இருந்தது.

அத்தாவுக்கு வார்டன்களின் காக்கிச் சட்டை தைக்கிற வேலையும் வந்தது. அம்மா காலையிலிருந்து காஜா எடுப்பாள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கடல்காற்று வீச ஆரம்பித்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "கதவைத் தாப்பா போடுடி," என்பாள். அப்புறம் மூன்று பேரும் மாடிக்கு ஓடுவோம். பார்க்க யார் இருக்கிறார்கள்? ஊர் காலியானதில் லாபம் அடைந்தது எங்கள் அம்மா ஒருத்திதான். நொண்டி ஆடினாள். கண்ணாமூச்சியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு நாள் இனாயத் காத்தாடி கேட்டான். கடை எதுவும் திறக்கவில்லை. வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத் தாளில் ஒன்று மீந்திருந்தது. அம்மா துடைப்பக் குச்சியும் மைதாப் பசையும் வைத்து அரைமணியில் ஒரு காத்தாடி செய்துவிட்டாள். தாள் கனம் என்பதால் வால் நீளமாக வேண்டும் என்றாள். காக்கித் துண்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்தாள். நூலுக்கு அத்தாவின் தையல் நூல்கண்டு.

அது ஏறியது பாருங்கள்! அம்மா ஒரு காலை முன்னால் வைத்து, நூலைச் சுண்டிச் சுண்டி விட்டாள். இனாயத் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தையல் நூல் எவ்வளவுதான் தாங்கும்? பட்டென்று அறுந்தது. காத்தாடி மேற்கே மிதந்து போய் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் லஸ் பக்கம் விசில் ஊதியது. விட்டு விட்டு மூன்று தடவை.

அம்மா எங்களை இழுத்துக்கொண்டு கீழே ஓடி, மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தாள். குண்டு விழவில்லை, ஒரு சத்தமும் இல்லை. அவள் கண் வாசலில் இருந்த மூட்டையையே பார்த்தது. "போச்சுடி," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அத்தா வந்தபோது சட்டையெல்லாம் மண். கையில் எங்கள் காத்தாடி. கடல் பக்கமிருந்து கறுப்பாக ஏதோ வருகிறதென்று விசில் ஊதியதே அவர்தானாம். தெருவில் மிச்சமிருந்த எட்டுப் பேரும் பதுங்கு குழியில் குதித்திருக்கிறார்கள். பெரிய வார்டன் தனபாலன் குழிக்குள்ளிருந்து எழுந்து, "இன்னா பாய், ஜப்பான்காரன் காயிதத்துலயா பிளேன் வுட்றான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம்.

"யார் வுட்டது?" என்றார் அத்தா.

"நான்தான்," என்றான் இனாயத். "இல்ல, நான்," என்றேன் நான்.

அத்தா வாலை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினார். "உங்களுக்குக் காஜா எடுக்கத் தெரியுமா?"

அப்போதுதான் கவனித்தேன். துண்டுகளை முடிச்சுப் போட்டிருந்தால் போதும். அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஓட்டை போட்டு, ஓரத்தை அழகாகக் காஜா எடுத்து, அதற்குள் அடுத்ததை நுழைத்திருந்தாள்.

"நான்தான் வுட்டேன்," என்றாள் அம்மா. "திருவல்லிக்கேணியில அண்ணன்கூட வுட்டுக்கினு இருந்தேன். பன்னெண்டு வயசுல உள்ள உக்கார வெச்சாங்க. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் தொட்டேன்."

அத்தா வாசலுக்குப் போய் மூட்டையைத் தூக்கினார். இனாயத் ஓவென்று அழுதான். அத்தா அதைக் கூடத்தில் வைத்து அவிழ்த்தார். உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

"கறுப்பு வாணாம். வெள்ளைத் தாள் வாங்கியாறேன்," என்றார். "தனபாலன் கிட்ட இன்னொரு தபா பேச்சு வாங்க என்னால ஆவாது."

"வாலு?" என்றாள் அம்மா மெதுவாக.

"வாலு அப்படியே இருக்கட்டும். லஸ்ல நின்னு பாக்கும்போது நீ சந்தோஷமா கீறேன்னு எனக்குத் தெரியணும்."

ஜூன் பிறந்ததும் ஒவ்வொரு வீடாகப் பூட்டு திறந்தது. ஆட்டம் முடிந்தது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது, அத்தா தென்னந்தட்டி வாங்கி வந்து மாடியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கட்டினார். வெளியே காத்தாடி மட்டும்தான் தெரிந்தது. யார் விடுவது என்று சந்தில் பையன்கள் இனாயத்தைக் கேட்டார்கள்.

"எங்கம்மா," என்றான் அவன். ஒருத்தனும் நம்பவில்லை.