கடலைக் கிடங்கில் ஒரு விடுதி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் அரியலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் வரதராசன்பேட்டைப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைவீதிக்குப் பின்னால் ஒரு தானிய வியாபாரியின் வீட்டு முன்கட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள்.

பள்ளியில் ஆதிதிராவிடப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் படித்தார்கள். எல்லாருமே வெளியூர்க்காரர்கள். ஊருக்குள் அவர்களுக்கு யாரும் வாடகைக்கு இடம் தரமாட்டார்கள். தந்தாலும் வாடகை கொடுக்க அவர்களால் முடியாது. ஆகவே நடந்தார்கள். அவர்களில் ஐந்தாம் பாரம், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு, படித்த ஒருவன் கீழப்பழுவூருக்கு அப்பால் ஒரு சேரியிலிருந்து வந்தான். அவனுடைய அப்பா பண்ணையாள். இருட்டோடு கிளம்பினால்தான் முதல் மணிக்கு வந்து சேர முடியும். மழை நாட்களில் சட்டையைக் கழற்றிப் புத்தகங்களோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவான். பள்ளி வாசலில்தான் சட்டையைப் போடுவான். கணக்கில் அவனுக்கு இணையாக வகுப்பில் யாரும் இல்லை. நான் கரும்பலகையில் பாதி எழுதும்போதே விடை அவன் முகத்தில் தெரிந்துவிடும். ஆனால் பிற்பகலில் அவனால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. இரண்டு தடவை அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். ஏன் தூங்குகிறான் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் திருச்சியிலிருந்து வந்த ஒரு காகிதம் இருந்தது.

"இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு ஹாஸ்டல் திறக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு. வாடகை, அரிசி, பருப்பு எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. வூடு மட்டும் நாம புடிச்சுக் குடுக்கணும். நீங்கதான் வார்டன்."

"நானா சார்?"

"வேற யாரைச் சொல்றது? நீங்க வேதக்காரர். உங்களுக்கு இதுல ஒண்ணும் கெட்டுப்போயிடாது."

கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்து மாதா கோயில்களிலும் பூசையின்போது அந்த ஜனங்களுக்குத் தனி இடம்தான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் வீடு தேடி அலைந்தேன். ஊரில் காலி வீடுகளுக்குக் குறைவில்லை. சண்டைக்குப் பயந்து பட்டணத்திலிருந்து வந்து தங்கியவர்கள் திரும்பிப் போயிருந்தார்கள். ஹாஸ்டல் என்றதும் எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். சர்க்கார் வாடகை மாதம் தவறாமல் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். யாருக்கு என்று கேட்டுவிட்டால் பேச்சு நின்றுபோகும்.

ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார். "வூடு குடுக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல சார். தெருவுக்கே இருக்கிறது ஒரே கெணறு. அதுல அவங்க வாளியைப் போட்டா, நாளைக்கு எம் பொண்ணுக்கு யாரு சம்பந்தம் பேச வருவாங்க?"

இன்னொருவர் வீட்டைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்குத் தம்பியே கிடையாது என்று பிறகு தெரிந்தது.

நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு பின்கட்டு இருந்தது. நான்கு அறைகள், தனிக் கிணறு, பின் சந்தில் திறக்கும் தனிக் கதவு. வருஷக்கணக்காகப் பூட்டியே கிடந்தது. ஒரு சாயங்காலம் நான் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தபோது என் மனைவி சொன்னாள்:

"பின்கட்டு சும்மாத்தானே கெடக்குது. வூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா நம்மளயும் காலி பண்ணச் சொல்லிடுவாரு. இந்த நெலமையில உன்னை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கேட்கவில்லை. வியாபாரி தினமும் காலையில் என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நானும் கும்பிடுவேன்.

கடைசியில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு பழைய கடலைக் கிடங்கு கிடைத்தது. மண் சுவர், மேலே ஓடு. மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். என் கை உள்ளே போகும். கரிசல் மண்ணில் அஸ்திவாரம் நிற்காது, கோடையில் தரை வெடிக்கும், மழையில் ஊதும் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிடங்குக்காரர் விரிசலில் சேற்றைக் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்.

திருச்சியிலிருந்து அதிகாரி ரயிலில் வந்தார். நல்ல மனிதர். அந்தப் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை இருந்தது. ஊர் ஊராகப் போய் இப்படி இடம் தேடி அலுத்துப்போயிருந்தார்.

"கட்டடம் உறுதியா இருக்குன்னு ஓவர்சியர் சர்டிபிகேட் வேணும்" என்றார். "அவர் வர ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள குடுத்த கெடு முடிஞ்சா ஒதுக்கின பணம் திரும்பிப் போயிரும். அப்புறம் இந்த ஊருக்கு ஹாஸ்டலே வராது. நீங்க கணக்கு வாத்தியார், விவரம் தெரிஞ்சவர். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நான் ஏத்துக்கிறேன்."

நான் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. மாணவர் தங்குவதற்கு ஏற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

பதினான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். சமைக்க ஒரு விதவையை அமர்த்தினோம். ரேஷன் அரிசி பாதி நாள் கிடைக்காது. கம்போ சோளமோ கிண்டிப் போடுவாள். தண்ணீருக்குக் கேட்டைத் தாண்டிய குட்டைக்குப் போக வேண்டும். எலித் தொல்லை சொல்லி மாளாது. ஆனாலும் அந்த நான்கு மாதங்களில் பிள்ளைகளுக்கு உடம்பு தேறியது. பிற்பகலில் யாரும் தூங்கவில்லை. கீழப்பழுவூர்ப் பையன் மேற்குச் சுவரோரம் ஒரு சாக்கை விரித்து அதைத் தன் இடமாக்கிக்கொண்டான். அந்தப் பக்கம்தான் ஜன்னல்.

"இங்க இருந்தா எந்நேரமும் படிக்கலாம் சார்" என்று அவன் சொன்னபோது நான் தலையாட்டினேன். இடத்தை மாற்றிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பூசைக்குப் போய்த் திரும்பி வந்து நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். விடுதிப் பையன் ஒருவன் ஓடி வந்தான். உடம்பெல்லாம் சேறு.

"சார், செவுரு வுழுந்துடுச்சு. அண்ணன் உள்ள இருக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கையாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கிழக்குப் பக்கம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார்கள். கீழப்பழுவூர்ப் பையன் மட்டும் ஒரு கணக்கை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ரயில்வே கேட் காவல்காரரும் மண்வெட்டியோடு வந்தார். உத்திரம் அவனுடைய வலது காலின் மேல் கிடந்தது. நினைவு இருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்து, "நோட்டு நனையுது சார்" என்றான்.

மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து ரயிலின் கார்டு பெட்டியில் திருச்சிக்கும் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் விடிந்ததும் அந்தக் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அவனுடைய அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். நடவு நேரம் என்று பண்ணையில் விடவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகனைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்.

"பரீச்சை வரைக்கும் அவனை எங்க வூட்டுலயே வச்சுப் பாத்துக்கிறேன்" என்றேன். "வூட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி."



"ரெண்டு காலோட இருந்தப்பக் கூப்பிட்டிருக்கலாமுங்களே, சாமி" என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு, "நான் கூட்டிட்டுப் போயிடுறேனுங்க" என்றார்.

விசாரணை நடந்தது. அதே அதிகாரி வந்தார். இந்த நான்கு மாதத்தில் அவருக்கு வயது கூடிப்போனது போலிருந்தது. "மழைதான் காரணம்னு எழுதுங்க. உங்க கையெழுத்தும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு" என்றார். நான் அப்படியே எழுதினேன். விடுதி மூடப்பட்டது. மீதிப் பதின்மூன்று பேரில் நான்கு பேர் மட்டும் மறுபடி நடந்து வந்தார்கள். விடுதியை நம்பித் தா.பழூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த பையன்கள் வரவே இல்லை.

அந்த நான்கு பேருக்காக ஒரு காலையில் வியாபாரியிடம் போய்ப் பின்கட்டைக் கேட்டேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், அஞ்சு மாசம் முன்னால ஊரெல்லாம் சுத்துனீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"யோசிச்சிருப்பேன். பின்னால தனி வழிதானே இருக்கு. இப்ப போலீசு, விசாரணைன்னு ஆயிப்போச்சு. இனிமே வேண்டாம் சார்."

அவர் உண்மையாகத்தான் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. நாங்கள் அங்கேயே இருந்தோம். மார்கழியில் என் மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள்.

பங்குனியில் கீழப்பழுவூருக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து சேரிக்கு நடந்தேன். பள்ளியிறுதி வகுப்பான ஆறாம் பாரத்துப் பாட நோட்டுகளை எடுத்துப் போயிருந்தேன். குடிசைக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து அவன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டான்.

"தனியாப் படிச்சு எழுதலாம்பா. நான் மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து சொல்லித்தரேன்."

"பரீச்சை எங்க சார் எழுதணும்?"

"அரியலூர்லதான்."

"தங்குறதுக்கு?"

நான் நோட்டுகளை அவனிடம் நீட்டினேன். அவன் நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தான். ஒரு பக்கத்தில் நான் தவறாக எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டிச் சிரித்தான். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டான். "நடந்து வர்றாங்களே நாலு பேரு, அவங்களுக்குக் குடுங்க சார்."

சுதந்திரம் வந்து இரண்டு வருஷத்துக்குள் சர்க்கார் சொந்தமாகவே விடுதி கட்டியது. செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, கிணறு. ஊருக்குள் இடம் கொடுக்கக் கூடாது என்று எல்லாரும் மனுப் போட்டதால், கடலைக் கிடங்கையும் தாண்டி, சுடுகாட்டுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. அதற்குள் பெரம்பலூருக்கு மாற்றலாகியிருந்தேன். போகவில்லை.

பெரம்பலூரில் ஒரு சந்தை நாளன்று அவனைப் பார்த்தேன். கயிற்றுச் சுருள்களை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு, ஊன்றுகட்டையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தான். மீசை வளர்ந்திருந்தது. அப்பா போன வருஷம் இறந்துவிட்டார் என்றான். தம்பி அரியலூரில் புது விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்றான்.

"எப்படி இருக்காம் ஹாஸ்டல்?" என்று கேட்டேன்.

"நல்லாருக்காம் சார். பொணம் எரிக்கிற அன்னிக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திடுவாங்களாம்."

வீட்டுக்குச் சாப்பிட வா என்றேன். சந்தை முடிய நேரமாகும், கடைசி பஸ்ஸை விட்டால் தங்க இடமில்லை என்றான். அவனிடம் ஒரு சுருள் கயிறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.