ஏழில் விழுந்த அடி

கனகர் போன செய்தி எனக்கு வானொலி மரண அறிவித்தலில்தான் வந்தது. மூதூர் ஜெற்றியடித் தேத்தண்ணிக் கடையில் திருகோணமலைக்குப் போகும் காலை லோஞ்சுப் படகுக்காக இருந்தேன். கட்டைபறிச்சானைப் பிறப்பிடமாகவும் திருகோணமலையை வதிவிடமாகவும் கொண்ட ஆறுமுகம் கனகசபை என்று வாசித்தார்கள். யாரோ பாவம் என்று நினைத்தபடி ரொட்டியைப் பிய்த்தேன். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் முன்னாள் பண்டகசாலைப் பொறுப்பாளர் என்றதும்தான் கை நின்றது. ஆறு வருடமாக நான் முகம் கொடுத்துக் கதைக்காத மனிதர்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று வீட்டுக்குப் போனேன். கனகரின் மனைவி மனோன்மணி அக்கா என்னைக் கண்டதும் அழவில்லை, கதிரை எடுத்துப் போட்டார். முப்பத்தோராம் நாளில் கொடுப்பதற்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்கப் போவதாகவும், அதில் தேவாரங்களுக்குப் பிறகு கனகரின் இசைத்தட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றும் சொன்னார்.

“நீங்களும் அதில இருந்தனீங்கள் தம்பி. பாட்டுப் பாட்டா எழுதித் தாருங்கோ. தட்டில இருக்கிற ஆறையும் எழுத வேணும்.”

ஓம் என்றுவிட்டேன். ‘ஆறையும்’ என்றதில்தான் வில்லங்கம். அந்தத் தட்டின் மறுபக்கத்தை நான் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். கனகர் பாட்டும் கிற்றாரும், கிண்ணியா லத்தீப் அக்கோடியன், நான் டிறம். வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளில் வெறுமையாய்க் கிடந்த ஒன்றுக்குள், கனகர் மேலிடத்தில் கேட்டு வாங்கிய அனுமதியில், ஞாயிறு பின்னேரங்களில் வாசிப்போம். உள்ளே ஒரு வரி பாடினால் அது சுற்றிச் சுற்றி வந்து அடங்க நேரமெடுக்கும். எண்ணிப் பார்த்தோம், பதினொன்று வந்தது. அதுவே சட்டமாயிற்று. ஒரு வரி, பதினொரு எண்ணிக்கை மௌனம், பிறகு டிறம். “தாங்கி எங்கட நாலாவது ஆள். அது கதைச்சு முடியுமட்டும் நாங்கள் வாய் திறக்கப்படாது” என்பார் கனகர். ஊர் பைலா கேட்டு ஆடிய காலம் அது. தோப்பூரில் ஒரு கலியாண வீட்டில் நாங்கள் பதினொன்று எண்ணிக்கொண்டு நிற்க, மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து விளக்குக் கொண்டுவந்தார்கள்.

முதற்பக்கத்தில் மூன்று பாட்டுகள். முதலாவது மூதூர் லோஞ்ச். லத்தீப்பின் அக்கோடியன் இயந்திரம் மாதிரி இருமிக்கொண்டு போகும், கரை வந்ததும் நிற்கும். இரண்டாவது, பண்டகசாலைப் பொருட்பட்டியல். ஆணி, வாசர், பூட்டு, கயிறு என்று கனகர் அதை விருத்தமாக இழுத்துப் பாடுவார். சிரித்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் கயிறு வருவதற்குள் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஏனென்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மூன்றாவது கட்டைபறிச்சான் வயலில் கிளி கலைக்கிற பாட்டு. அதில் நான் டிறம்மை விட்டுவிட்டுப் பழைய பிஸ்கட் தகரத்தில் அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

மறுபக்கம் தொடங்குகிற நான்காவதில்தான் நான் பிழைவிட்டேன். ‘எண்ணிப் பார்’ என்பது பாட்டின் பெயர், நாலு வரிகள். லத்தீப் விரல் விட்டு எண்ணுவார், நான் அவருடைய விரலைப் பார்த்து அடிப்பேன். தட்டுக்குப் பதிந்த அன்றைக்குத் தாங்கியின் இரும்பு கொதித்தது. ஏழில் அவர் வியர்வை துடைக்கக் கையை உயர்த்தினார். முடிந்தது என்று நினைத்து ஓங்கி அடித்துவிட்டேன். கனகரின் குரல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, என் அடி அதன் நடுவில் போய் விழுந்தது. வெட்கத்தில் டிறம் கட்டைகளைப் போட்டுவிட்டு வெளியே வந்து, நேரே பஸ் ஏறிவிட்டேன்.

அந்த அடியை வெட்டாமலே தட்டு வந்தது. வானொலியில் முதல்தரம் என் அடி விழுந்ததுமே நிற்பாட்டினேன், பிறகு அந்தப் பாட்டுத் தொடங்கினாலே நிற்பாட்டிவிடுவேன். லோஞ்சில் இளவட்டங்கள் அதன் வரியைப் பாடி, ஏழில் பலகையில் ஓங்கித் தட்டுவார்கள். எல்லாம் எனக்கான நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் லோஞ்சை விட்டுத் தரைவழியாக பஸ்ஸில் சுற்றிப் போனேன். கடைசியில் கனகர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

“என்னை ஊருக்குப் பகிடியாக்கிப் போட்டீங்கள் அண்ணை.”

அவர் ஆறுதலாகக் கேட்டார்: “ஐசே, மற்றப் பக்கத்தை முழுக்கக் கேட்டனீரா?”

கேட்கத் தேவையில்லை என்றுவிட்டு வந்தேன். பிறகு லத்தீப்பிடம் இரண்டு முறை அதையே சொல்லி அனுப்பினார். நான் ரோசக்காரன். ஜெற்றியில் அவரைக் கண்டால் கடலைப் பார்ப்பேன்.

போன கிழமை அலுமாரியிலிருந்து தட்டை எடுத்து, இரவல் வாங்கிய பிளேயரில் மறுபக்கத்தைப் போட்டேன். முதல் வரி முடிந்தது. ஏழில் என் டிறம் விழுந்தது. கதவுச் சத்தம் மாதிரி ஒன்று மெல்லக் கேட்டது, நான் வெளியேறியதாக இருக்கலாம். பிறகு கனகர் இரண்டாம் வரியைப் பாடினார். நானும் எண்ணினேன். ஏழில் டிறம் விழுந்தது. மூன்றாம் வரியிலும் ஏழில், நாலாம் வரியிலும் ஏழில். கை பழகாதவன் அடிக்கிற அடி. கட்டையை நேராகப் பிடிக்கவும் தெரியாத கனகர், நான் போட்டுவிட்டுப் போன கட்டையை எடுத்து, என் பிழை விழுந்த அதே இடத்தில் மூன்று தரம் அடித்திருக்கிறார். நாலையும் சேர்த்துக் கேட்டால் அதில் பிழை என்று ஒன்றும் இல்லை. பாட்டே அப்படித்தான். லோஞ்சில் தட்டியவர்கள் என்னை நக்கலடிக்கவில்லை, பாட்டைப் பாடியிருக்கிறார்கள்.

ஐந்தாவதில் பாட்டே கிடையாது. வெயில் தாழ, இரும்பு சுருங்கித் ‘டக், டக்’ என்று விடுகிற சத்தத்தை மட்டும் பதிந்திருக்கிறார்கள். ஆறாவதில் டிறம் வரவேண்டிய இடங்களையெல்லாம் நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். தட்டு முடிந்த பிறகும் நான் எழும்பவில்லை. லத்தீப்புக்குக் கடிதம் எழுதினேன். கனகருக்கு எழுத வழியில்லை. ஆறு வருடம், அரை மணித்தியாலம் செலவழிக்க மனம் வரவில்லை எனக்கு.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நாலு அடிகள். ஒன்று என்னுடையது, மூன்று அவருடையவை.

நீங்கள் இந்தக் கல்வெட்டைக் கையில் வாங்குகிற நேரம் அக்கா வீட்டு விறாந்தையில் தட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும். நானும் அங்கேதான் ஒரு மூலையில் இருப்பேன். நான்காவது பாட்டு வரும்போது, என்னைப் பார்த்துக்கொண்டே ஏழில் தட்டுங்கள். நான் எழும்பிப் போக மாட்டேன்.